வேடிக்கை பார்க்க இடம் விடுங்கள்: அந்தியூர் ஆடித் தேர்க்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தியூர் ஆடித் தேருக்கு இடம் அளந்து கொடுக்கிற பெரியவர்களுக்கும், அந்த இடத்தில் கடையும் கூடாரமும் ராட்டாந்தூரியும் (பெரிய ராட்டினத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர்) போடுகிற தொழில்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. 1992 ஆடியில் எனக்குப் பத்து வயது. தேருக்கென்று என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுத்தார். ரெண்டு நாள் சந்தையிலேயே கிடந்துவிட்டு ஊர் திரும்பியபோது கையில் நாலு ரூபாய் மீதி இருந்தது. "ஏஞ்சாமி, ஒன்னும் வாங்கித் திங்கலையா?" என்று அம்முச்சிக்கு ஒரே வருத்தம். தின்னாமல் இல்லை. ஒரு டெல்லி அப்பளம், ஜவ்வு மிட்டாயில் ஒரு கைக்கடிகாரம், ஒரு ஊதல், நாகக்கன்னி கூடாரத்துக்கு ஒரு டிக்கெட். செலவு அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்த்தேன். அதற்குக் காசு கேட்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வேடிக்கையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ரெண்டு வரி. ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலைக்கு அடிவாரத்தில் இருக்கிறது அந்தியூர். பக்கத்தில் புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோவில். ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை பெருந்திருவிழா. சாமிகள் அங்கிருந்து வனக்கோவிலுக்குப் போகும். தேர் என்று சொல்கிறோமே தவிர அதற்குச் சக்கரம் கிடையாது. மகமேரு தேரைத் தோளில்தான் சுமந்து போவார்கள். அதையொட்டி நான்கு நாள் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை, கூடவே தேர்க்கடை. நாங்கள் இது எல்லாவற்றையும் சேர்த்துத் 'தேர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். உழவு மாடு வாங்கப் போகிறவனும் தேருக்குப் போகிறான், மிளகாய் பஜ்ஜி தின்னப் போகிறவனும் தேருக்குத்தான் போகிறான்.

ஆகஸ்ட் மாதம், அதுவும் வாரத்தின் நடுவில். பள்ளிக்கூடம் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். எல்லாருடைய லீவுக் கடிதத்திலும் "காய்ச்சலால் அவதிப்படுவதால்" என்றுதான் எழுதியிருக்கும். வாத்தியாரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, "ராட்டாந்தூரி எத்தனை வந்திருக்குதாம்டா?" என்று கேட்பார்.

என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போவார், ஆடியில் அந்தியூர். ஒரு வருசம் தவறியதில்லை. ஆனால் மாடு வாங்கி நான் பார்த்தது ரெண்டே தடவைதான். "வாங்காத மாட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம்?" என்று என் அம்மா கேட்டால், "பாத்து வெச்சுக்கோணுமில்ல" என்பார். எதற்காகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

இருட்டோடு வண்டி பூட்டுவார். அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடிக்கொண்டே வரும். வைக்கோல் மேல் நான் தூங்கிப்போவேன். சந்தை நெருங்கும்போது வாசம்தான் முதலில் எழுப்பும். சாணி, ஈரமண், புது வைக்கோல், எங்கோ ஒரு டீக்கடையில் கொதிக்கிற பால். அப்புறம் மணிச்சத்தம். ஆயிரம் கழுத்துமணி ஒரே சமயத்தில் அசைந்தால் அது மணி மாதிரியே கேட்காது. தூரத்தில் மழை வருகிற மாதிரி கேட்கும்.

அப்பிச்சி மாடு பார்க்கிற முறையைச் சொன்னால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள், ஏனென்றால் உங்கள் அப்பாக்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். முதலில் தள்ளி நின்று நிற்கும் அழகைப் பார்ப்பார். மயிலையா, செவலையா, காரியா, பிள்ளையா என்று நிறம் சொல்வார். நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் கிட்டே போய்ச் சுழி, அதாவது மாட்டு உடம்பில் முடி சுழன்றிருக்கிற இடம், பார்ப்பது. ஏறுபூரானா இறங்குபூரானா என்று முதுகில் விரலை ஓட்டுவார். துடைப்பச் சுழி இருந்தால் வீட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அவருக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அந்தச் சுழி இருந்த மாட்டுக்கு அவர் விலை கேட்டதில்லை. கடைசியில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று வயதைச் சொல்லிவிடுவார்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செங்காவி நிறத்தில் இருக்கும், ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் பூத்துவிடும் என்று எனக்குச் சொன்னது அவர்தான். சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்றின் காலடியில் சிவப்பாக நின்ற கன்றைப் பார்த்து, "இது வேற மாட்டோட கன்னு, மாத்திக் கட்டிட்டாங்க" என்று நான் அடித்துச் சொல்ல, மாட்டுக்காரர் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அவ்வளவு அவமானத்தோடு எதையும் கற்றுக்கொண்டதில்லை. அதனால் மறக்கவும் இல்லை. அதே இடத்தில்தான் பர்கூர் மலையிலிருந்து இறங்கிய செம்மறையையும் பார்த்தேன்: செம்பழுப்பு உடம்பில் வெள்ளையை வாரி இறைத்த மாதிரி. காட்டில் பட்டி போட்டு வளர்த்த மாடு, கூட்டத்தைக் கண்டால் கண்ணை உருட்டும். அந்த வருசங்களில் மலைப்பாதையில் வீரப்பனைத் தேடி அதிரடிப்படை நின்றது. மாட்டுக்காரர்கள் சோதனைச் சாவடியைத் தாண்டிவந்த கதையை டீக்கடையில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்போம். அதுவும் வேடிக்கைதான்.

அப்புறம் துண்டு.

தரகர் தன் துண்டை விற்கிறவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் இவர் கை அவர் விரலைப் பிடிக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா நூறா என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியும். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கை விலையைப் பேசிக்கொண்டிருக்கும். நான் பார்த்த ஒரு பேரத்தில் விற்கிறவர் முகம் கல்லு மாதிரி இருந்தது; ஆனால் அவருடைய கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. தரகர் மறுபடி துண்டுக்குள் கை விட்டார். பெருவிரல் ஆடாமல் நின்றது. அடுத்த நொடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மூக்கணாங்கயித்தப் புடிங்க" என்றார். பத்து வயதுப் பையனின் உயரம் துண்டுக்குக் கீழேதான் வரும். பெரியவர்கள் யாருக்கும் தெரியாத அந்தப் பெருவிரல் எனக்குத் தெரிந்தது அதனால்தான்.

குதிரைப் பக்கம் தனி உலகம். மார்வாரும் கத்தியவாரும் பக்கம் பக்கமாகக் கட்டியிருக்கும். ரெண்டுக்கும் காது உள்பக்கமாக வளைந்திருக்கும். கத்தியவாரில் காது நுனி ஒன்றையொன்று தொட்டுவிடும். கால் நான்கும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்ச கல்யாணி, அதற்கு மட்டும் தனிக் கூட்டம். ஓரத்தில் மட்டக்குதிரைகள் எங்களை மாதிரியே யாரும் கண்டுகொள்ளாமல் நிற்கும். மேளம் கேட்டால் கால் மாற்றி வைத்து ஆடுகிற நாட்டியக் குதிரை ஒன்று வந்திருந்தது. மேளக்காரர் பீடி பிடிக்கப் போய்விட்டார், குதிரை அப்போதும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்பது போல அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு டிக்கெட் போட்டிருந்தால் என் பத்து ரூபாயையும் அங்கேயே கொடுத்திருப்பேன்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

மரணக் கிணற்றுக்கு முன்னால் ஒரு வெளிமேடை இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவர் அந்த மேடையில் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ உருளை மேல் நிறுத்தி, சைலன்சரைக் கழற்றிவிட்டு முறுக்குவார். வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும். அவர் கையை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். அது முழுக்க இலவசம். டிக்கெட் வாங்கியவர்கள் படியேறி மேலே வளையத்தைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள், ரூபாய் நோட்டை நீட்டுவார்கள், அவர் சுவரில் சுற்றிக்கொண்டே பறித்துக்கொள்வார். நாங்கள் வாங்காதவர்கள். கீழே, பலகைகளுக்கு நடுவிலிருக்கிற சந்தில் கண்ணை வைப்போம். வண்டி தெரியாது. சந்தில் ஒரு மின்னல் வெட்டும், பலகை முழுக்க நடுங்கும், நடுக்கம் நெற்றி வழியாகப் பல்லுக்கு இறங்கும். மாருதி 800 ஏறும்போது கிணறே மூச்சு விடுவது போல இருக்கும். பிற்பாடு வேலைக்குப் போன காலத்தில் டிக்கெட் வாங்கி மேலேயிருந்தும் பார்த்துவிட்டேன். கீழேயிருந்து பார்ப்பதுதான் பயங்கரம்.

நாகக்கன்னி கூடாரத்திலும் அப்படித்தான். வெளியே ஒருவர் மைக்கில் அவளுடைய சோகக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். எந்த முனிவர் சாபம், எந்த மலையில் பிடிபட்டாள், பால் மட்டும்தான் குடிப்பாள். கதை கேட்கக் காசில்லை, முகம் பார்க்கத்தான் காசு. மூன்று தடவை கதையைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்கினேன். உள்ளே ஒரு மேசை. மேசைமேல் பெண்ணின் தலை, தலைக்குக் கீழே சுருண்ட பாம்பு உடம்பு, மேசைக்கு அடியில் வெறும் வெளி. எனக்கு முன்னால் நின்ற பையன் பொரிகடலையில் ஒன்றை எடுத்து மேசைக்கு அடியில் எறிந்தான். டிங் என்று சத்தம். வெறும் வெளியில் பட்டு கடலை திரும்பி வந்தது. நாகக்கன்னி சாபத்தையெல்லாம் மறந்து, "எவன்டா அவன்?" என்றாள்.

மேசையின் கால்களுக்கு நடுவில் ரெண்டு கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தினால், பக்கத்துத் திரை அதில் தெரிந்து பின்திரை போலத் தோன்றும். ஆள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். 1865-ல் லண்டன் மேடையிலேயே இந்த வித்தையைக் காட்டிவிட்டார்கள் என்று வளர்ந்த பிறகு படித்தேன். எனக்கு அந்த டிங்கிலேயே பாதி விளங்கியிருந்தது. ஆனாலும் ஏமாந்ததாகத் தோன்றவில்லை. ரெண்டு ரூபாய்க்குத் திட்டும் சேர்த்தல்லவா கிடைத்தது!

ராட்டாந்தூரி கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அதில் ஏற எனக்குப் பயம், பயத்தை வெளியே சொல்லாமல் "காசு இல்ல" என்று சொல்லிக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பெட்டி பெட்டியாக ஆள் ஏற்றும்போது எடை சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சுற்று இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பெட்டியில் வாட்டசாட்டமான ஒரு ஜோடி ஏறிவிட்டது, எதிர்ப்பெட்டிக்கு ஆள் இல்லை. ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்து, "டேய், அந்த மூணு பேரும் வாங்கடா, எடை பத்தல" என்றார். எடைக்கல்லாக ஏறினேன். உச்சியில் போய் நின்றபோது கண்ணைத் திறந்துவிட்டேன். ஒரு பக்கம் மாட்டு முதுகுகள், சாம்பல் நிறத்தில், கரை தெரியாமல். நடுவில் குதிரைக் கூடாரங்கள். அந்தப் பக்கம் டியூப்லைட் வரிசை, பஜ்ஜிக்கடைப் புகை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தது. பஞ்சுமிட்டாய்க்காரர் மாட்டு வரிசைக்குள் நடந்துபோனார், ஒரு குதிரை வளையல்கடை வழியாகத் தண்ணிக்குப் போனது. வேலி என்று எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

அன்று சாயந்திரம் ஒருவர் காணாமல் போனார். நான் இல்லை, என் அப்பிச்சி. வண்டியடியில் இருப்பதாகச் சொன்னவர் இல்லை. தேடி அலுத்து, அழுகையை அடக்கிக்கொண்டு மைக் செட்டுக்காரரிடம் போனேன். அவர் அறிவித்தார்: "பச்சைத் துண்டு போட்ட பெரியவர், வயது அறுபத்தஞ்சு, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். பேரன் அழுதுகொண்டிருக்கிறான்." அப்பிச்சி பேரையும் ஊரையும் சேர்த்து மூன்று தடவை. குதிரைப் பக்கம் அந்த நாட்டியக் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்து நேரம் போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், துண்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். பச்சைத் துண்டு வெளியே தெரிந்தால் சனங்கள் சிரிப்பார்களாம். ஊரில் அடுத்த ஆடி வரைக்கும், "என்ன மாமா, கெடைச்சிட்டீங்களா?" என்று கேட்காதவர் இல்லை.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், போன வருசம் என் மகளை வேறொரு ஊர்ப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனேன். ஊர் எது, நடத்தியது யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வாசலில் நுழைவுக் கட்டணம். உள்ளே போனால் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே தகரம். ஒவ்வொன்றும் தகரத்துக்குள். மரணக் கிணற்றுக்கு வெளிமேடை இல்லை, தகரத்தில் படம் ஒட்டியிருந்தது. ராட்டினத்தைச் சுற்றித் தகரம், குழந்தைகள் ரயிலைச் சுற்றித் தகரம். ஒவ்வொரு வாசலிலும் தனி டிக்கெட், காசு கட்ட ஒரு கியூஆர் அட்டை. ஒலிபெருக்கி ஒன்றை ஒன்று மிஞ்சியது. என் மகளுக்கு ஏழு வயது. தகரத்துக்கும் தரைக்கும் இடையில் அரை அடி இடைவெளி இருந்தது. குப்புறப் படுத்து அதன் வழியாகப் பார்த்தாள். "என்ன கண்ணு தெரியுது?" என்று கேட்டேன். "செருப்பு" என்றாள். ஒன்றரை மணி நேரத்தில் எழுநூறு ரூபாய் செலவானது. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொல்ல அவளிடம் அந்தச் செருப்புகள்தான் இருந்தன.

அந்தத் தகரம் நம்ம தேருக்கும் வந்துவிடக் கூடாது. உங்களிடம் கேட்க வந்தது அதுதான்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. தரை வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், லாரி வாடகை, நான்கு நாளில் ரெண்டு நாள் மழை வந்தால் போட்ட முதல் மண்ணோடு போகும். டிக்கெட் வாங்காதவன் ஓசியில் பார்த்துவிட்டுப் போகிறானே என்று வயிறு எரிவதும் நியாயம்தான். ஆனால் உங்களுக்கு முன்னால் இந்தத் தொழில் செய்தவர்கள் எல்லாருமே கூடாரத்துக்கு வெளியே கொஞ்சம் காட்டினார்களே, தர்மத்துக்கா காட்டினார்கள்? உருளை மேல் ஓடிய யமஹாவைப் பார்த்துத்தான் கூட்டம் படியேறியது. சாபக் கதை கேட்டுத்தான் நான் டிக்கெட் எடுத்தேன். கம்பிக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கூட்டம் இல்லாத ராட்டாந்தூரியில் யார் ஏறுவார்கள்? ஏறுகிறவனுக்குப் பாதி சந்தோசம் கீழே நிற்கிறவனுக்குக் கை காட்டுவதில்தான் இருக்கிறது. தகரம் அடித்தால் அவன் யாருக்குக் கை காட்டுவான்?

பாதுகாப்புக்கு வேலி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். இடுப்பளவு கம்பி போடுங்கள், ரெண்டு வரிசையாகவே போடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊர் இது. காற்று தூக்கினால் ராட்டாந்தூரியை நிறுத்திவிடுங்கள், போல்ட்டை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை முறுக்கிப் பாருங்கள், போனை நீட்டிப் படம் எடுக்கிறவனை இறக்கிவிடுங்கள். அதற்கெல்லாம் நாங்கள் முணுமுணுக்க மாட்டோம். கம்பி வழியாகக் கண் நுழையும், தகரம் வழியாக நுழையாது. எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

இடம் அளக்கிற பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாடும் குதிரையும் ஒரு கோடியில், கேளிக்கை எல்லாம் வேறொரு கோடியில் என்று பிரித்துவிட்டால் நிர்வாகத்துக்குச் சுலபம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுக்கு முன்னளவு தேவை இல்லை. லட்சக்கணக்கில் விலை சொல்கிற குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கத்தான் பாதிக் கூட்டம் வருகிறது என்பதும் உண்மை. அந்தக் கூட்டமாவது மாட்டு வரிசையைத் தாண்டித்தான் குதிரைக்குப் போக வேண்டும் என்று வழி விடுங்கள். பஜ்ஜி தின்ன வந்த பிள்ளை போகிற வழியில் ஒரு சிவப்புக் கன்றைப் பார்க்கட்டும், தப்பாக ஏதாவது சொல்லட்டும், நாலு பேர் சிரிக்கட்டும்.

கலந்து இருக்கட்டும் என்று சொல்லும்போதே சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனிதக் காது நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது. குதிரைக்கு 33 ஆயிரம் வரை கேட்கும், ஒவ்வொரு காதையும் தனித்தனியாகத் திருப்பவும் செய்யும். நமக்கு 'கீச்' என்று கேட்கிற ஒலிபெருக்கி அதற்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழாயைக் குதிரை வரிசைப் பக்கம் திருப்பாமல் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்தாயிற்று. அதைப் போலீஸ் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் தேரில் எனக்குப் பிடித்த நேரம் ராத்திரிதான். ஜெனரேட்டர் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசி ஜெனரேட்டர் நின்றதும் காதில் ஒரு அடைப்பு எடுபட்ட மாதிரி இருக்கும். அப்புறம் ஒவ்வொரு சத்தமாக மேலே வரும். மாடு அசைபோடுவது, யாரோ இருமுவது, குதிரை தலையை உலுக்கும்போது கடிவாளச் சங்கிலி. ராட்டாந்தூரி ஓட்டுகிறவர் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து அப்பிச்சியிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தியூர் வெற்றிலை, காரம் கம்மி என்று அப்பிச்சி பெருமை பேசினார். அடுத்து எந்த ஊர் என்று கேட்டதற்கு அவர் நாலு ஊர்ப் பெயரைச் சொல்லி, "மழ பேஞ்சா வீட்டுக்குங்க" என்றார். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அப்பிச்சி என் கையை எடுத்துத் தன் துண்டுக்கு அடியில் வைத்து ஒரு விரலைப் பிடித்தார். தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பதிலுக்கு அவருடைய ரெண்டு விரலைப் பிடித்தேன். "பேரன் வெல ஏத்தறானுங்க" என்று ராட்டாந்தூரிக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்பிச்சி போய்ப் பதினைந்து வருசம் ஆகிறது. வண்டியும் இல்லை, பஸ்ஸில்தான் வருவோம். கோவிலுக்குப் போய்விட்டு நேராக மாட்டுப் பக்கம், அப்புறம் குதிரை, அப்புறம் உங்களிடம். மகள் கையில் நூறு ரூபாய்தான் கொடுக்கப்போகிறேன். மீதியோடு திரும்பி வர வேண்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். வெளிமேடையில் வண்டியை முறுக்குகிறவர் யாராக இருந்தாலும், சட்டைப் பையில் ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். ராட்டாந்தூரிக்காரரே, எடை குறைந்தால் கம்பிக்கு வெளியே ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் நிற்பாள், இருபது கிலோ தேறும்.

புதன்கிழமை வருகிறோம். அவளுடைய லீவுக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். காய்ச்சல்.

இப்படிக்கு,
ஆடி தவறாமல் தேருக்கு வருகிற ஒருவன்